மதிலடிக் கட்டெறும்புகள்

எங்கள் வளவுக்கும் ராத்தாவின் வளவுக்கும் நடுவில் ஒரு மதில் இருந்தது. ராத்தா என் கூடப்பிறந்த மூத்தவள். கல்முனையில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பார்ப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். வாப்பா தன் வளவை இரண்டாக்கி, வடக்கே ராத்தாவுக்கு ஒரு வீடும் தெற்கே எனக்கு ஒரு வீடும் கட்டினார். நாங்கள் சகோதரிகள் மட்டும் இருந்தவரை நடுவில் ஒன்றும் தேவைப்படவில்லை. மாப்பிள்ளைமார் வந்து சேர்ந்த பிறகு முதலில் தென்னங்கிடுகு வேலி வந்தது. கடல் பொங்கி வந்து அந்த வேலியைக் கொண்டுபோன பிறகு மதில் வந்தது.

மதிலைக் கட்டியது இரண்டு மாப்பிள்ளைமாரும் சேர்ந்துதான். ராத்தாவின் கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன்; மாப்பிள்ளைமார் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் அப்படித்தான். சந்தைக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். சீமெந்து அவர் கடையிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் வீதி வேலைகளுக்கு ஓவசியராக இருந்தவர். கதிரை போட்டு உட்கார்ந்து மேசன்மாரை மேற்பார்த்தது அவர். மதில் நேராக நின்ற காலமெல்லாம் இருவரும் அதைத் தன்னுடைய மதில் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள், பொழுது போகாமல் தூக்குக்குண்டைக் கட்டி மதிலைப் பிடித்துப் பார்த்தார். மதில் நடுவில் ராத்தா பக்கமாகச் சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து அது மற்றவருடைய மதிலாகிவிட்டது.

இவர் மச்சானிடம் நேரே ஒன்றும் சொல்ல மாட்டார். என்னிடம்தான் சொல்வார், மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தில்.

"பழைய சீமெந்து புள்ள. கடையில கட்டிபட்டுக் கிடந்தத நம்மட தலையில கட்டிரிக்கார்."

மச்சானும் அப்படித்தான். அவர் ராத்தாவிடம் சொல்வது எங்கள் குசினி அடுப்படி வரைக்கும் வரும்.

"கலவையில மண்ண மட்டும் அள்ளிப் போட்டா சீமெந்து என்ன செய்யும்? எல்லாம் ரோட்டு வேலைக் கணக்கு."

நானும் ராத்தாவும் இதில் தலையிடவில்லை. இரண்டு ஆம்பிளைகளுக்கும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்குக் கிடைத்திருக்கிறது, செலவும் இல்லை, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எறும்பை முதலில் கண்டது நான். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் இல்லை, முற்றம் கூட்டுகிறவள் என்பதால். ஒவ்வொரு நாள் காலையிலும் மதிலடியில் ஒரே இடத்தில் புது மண் குவிந்திருக்கும். கூட்டித் தள்ளுவேன். அடுத்த நாள் அதே இடத்தில் அதே குவியல். குனிந்து பார்த்தால் தூளாக உதிர்ந்த மண் இல்லை அது. கடுகைப் போல உருட்டி உருட்டி வைத்த மண். நடுவில் விரல் போகிற அளவுக்கு ஒரு துவாரம், அதைச் சுற்றி கட்டெறும்புகள். கறுத்து மினுங்குகிற பெரிய இனம். காலில் ஏறினால் ஒரு கடி கடித்துவிட்டு, நாம் கத்துவதைக் கவனிக்காமல் தன் வேலைக்குப் போய்விடும்.

ராத்தாவுக்கு ஃபோன் எடுத்தேன். நாங்கள் இருவரும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஃபோனில் கதைப்பது வழக்கம். ஃபோனில் வருவதற்கு முன்பே நேரில் கேட்டுவிடும். ஆனாலும் ஃபோனை வைக்க மாட்டோம்.

"ராத்தா, ஒங்கட பக்கம் மதிலடியில மண் இரிக்கா எண்டு பாருங்க."

அவள் செருப்பு மதிலோரம் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "இரிக்கி. ஒரு கைவண்டி மண் இரிக்கி. ஒங்கட எறும்பு வந்து எங்கட வளவுல கொட்டிட்டுப் போகுது."

"எங்கட எறும்பு எண்டு ஆரு சொன்ன?"

"துவாரம் ஒன்ட பக்கம்தானே."

ராத்தாவின் பக்கமும் ஒரு துவாரம் இருந்ததைப் பிறகுதான் கண்டோம். மதிலுக்குக் கீழாக இரண்டு வளவுக்கும் எறும்புகள் பாதை போட்டிருந்தன. நாங்களோ ஒரு கீரைக்கட்டு கொடுப்பதற்குக்கூட றோட்டால் சுற்றித்தான் போக வேண்டும்.

மதில் சாய எறும்புதான் காரணமாக இருக்கலாம் என்று நான் சொன்னபோது இவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "எறும்பு தள்ளி மதில் விழுமா? ஒனக்குப் படிப்பிச்ச ஆள எனக்குக் காட்டு." அந்தப் பக்கம் மச்சானும் அதே நேரத்தில் கிட்டத்தட்ட அதையே ராத்தாவிடம் சொல்லியிருக்கிறார். நெடுநாளைக்குப் பிறகு இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

ஆனாலும் அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவர், கதிரையைத் தூக்கி மதிலடியில் போட்டார். மதில் கட்டினபோது உட்கார்ந்த அதே தோரணை. ஒரு மணித்தியாலம் அசையாமல் பார்த்தார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கேட்டார்:

"இதுல ஓவசியர் எது?"

"அப்பிடி ஒண்டும் இல்ல."

"ஒண்டும் இல்லாம எப்பிடி? இவ்வளவு பேரு வேலை செய்றாங்க. எங்க வெட்டுற, எங்க கொட்டுற எண்டு ஒருத்தர் சொல்லத்தானே வேணும்."

ராணி ஒன்று கீழே இருக்கும், அது முட்டையிடும், கட்டளை ஒன்றும் போடாது என்று சொன்னேன். ஒரு எறும்பு ஓரிடத்தில் கிண்டினால் அந்த இடத்து மணம் மாறும். அடுத்தது வந்து அதே இடத்தைக் கிண்டும். ஒன்று மண்ணுருண்டையை வைத்த இடத்தில்தான் மற்றதும் வைக்கும். செய்த வேலையே அடுத்த வேலையைச் சொல்லிக் கொடுக்கும், வேறு ஆள் தேவையில்லை. இவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்பது கோப்பையை நீட்டின விதத்திலேயே தெரிந்தது.

சில நாள் கழித்து முகமெல்லாம் வெளிச்சமாக உள்ளே வந்தார். ஓவசியரைக் கண்டுபிடித்துவிட்டாராம். பெரிய தலையுள்ள எறும்பு ஒன்று துவாரத்தின் வாயில் நின்றுகொண்டிருக்கிறதாம். வருகிறதையும் போகிறதையும் மீசையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறதாம், தான் ஒரு வேலையும் செய்வதில்லையாம். "அதுதான் ஓவசியர்" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். உண்மையாகவே அது அந்தப் பதவிக்குரிய கம்பீரத்தோடுதான் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே போய், தன் தலையளவு மண்கட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து குவியலில் போட்டுவிட்டு மறுபடியும் உள்ளே இறங்கியது. இவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டார்.

மச்சானும் இதற்குள் தன் பக்கத்தில் கதிரை போட்டுவிட்டார் என்று ராத்தா சொன்னாள். அவருக்கு வேறு கவலை. துவாரத்துக்கு வருகிற எறும்புகளில் பாதி, உள்ளே நெருக்கமாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போய்விடுகின்றன. சில ஒரு மூலையில் சும்மா நிற்கின்றன. கடைக்காரருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இதுகள் எல்லாம் வேலைக் கள்ளன்கள்" என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

அதைக் கேட்டதும் இவர் கதிரையில் நிமிர்ந்தார். என்னிடம்தான் சொன்னார், ஆனால் மதிலைப் பார்த்துக்கொண்டு.

"சின்னப் பாதை. எல்லாரும் உள்ளுக்குப் பூந்தா ஆரும் வெளிய வர ஏலாது. கொஞ்சப் பேர் வெட்டணும், மத்தவங்க நிக்கணும். ரோட்டு வேலையில ஒருத்தன் வெட்ட நாலு பேர் நிக்கிறாங்க எண்டு சனம் சிரிக்கிற. இப்ப வெளங்கிச்சா?"

விஞ்ஞானப்படி அவர் சொன்னது சரி. எல்லாரும் ஒரேயடியாகக் கிண்டப் போனால் சுரங்கம் அடைபட்டுவிடும். சிலர் திரும்பிப் போவதால்தான் வேலை ஓடுகிறது. ஆனால் தன் திணைக்களத்துக்காக இவர் இவ்வளவு உருக்கமாகக் கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெயில் கடுமையாக இருந்த நாட்களில் எறும்புகள் வேலையை நிறுத்திவிடும். எங்கள் ஊர் மணல் காய்ந்தால் கையில் நிற்காது, அதை எறும்பு எப்படி உருட்டும். ஒரு நாள் சும்மா ஒரு தூறல் போட்டு விட்டது. மண் ஈரமானதும் துவாரத்தில் கல்யாண வீட்டு வாசல் மாதிரி நெரிசல். ஈர மணல் ஒன்றோடொன்று ஒட்டும். அதைக் கடித்து, முன்காலால் உருட்டி, தாடையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தன. ஈரம் பார்த்து வேலை தொடங்குகிற மேசன் தனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை என்றார் இவர்.

மச்சான் பொறுமை இழந்து, கடையிலிருந்து எறும்பு மருந்துத் தூள் ஒன்றைக் கொண்டுவந்தார். ராத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே அலுமாரிக்கு மேலே வைத்தாள். எறும்பைச் சும்மா கொல்லக் கூடாது என்று நாங்கள் சின்னதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் சொல்லித் தந்ததை அவள் இன்றைக்கும் கொஞ்சமும் விட்டுக் கொடுக்க மாட்டாள். சீனிப் போத்தலில் எறும்பு விழுந்தால்கூட ஒவ்வொன்றாக எடுத்து யன்னலில் விட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி போடுவாள். அவள் வீட்டில் தேத்தண்ணி பிந்துவதற்கு இதுதான் காரணம்.

"மதில் விழுந்தா?" என்று மச்சான் கேட்டார்.

"விழுந்தா வேற கட்டலாம். ஒங்கட கடையிலதானே சீமெந்து இரிக்கி."

மாரி மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு சனிக்கிழமை பகலில், ராத்தா ஃபோன் எடுக்காமலே மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள். ஏதோ ஒரு கதிரையில் ஏறி நின்றிருக்க வேண்டும், தலை மட்டும் தெரிந்தது. "கெதியா வா. எறும்பு வீடு மாறுது."

நான் றோட்டால் ஓடினேன். மதிலடியிலிருந்து ராத்தாவின் முருங்கை மரம் வரைக்கும் கறுப்பாக ஒரு வரிசை. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக, சம்பா அரிசி போல ஒன்று. எறும்பு முட்டை என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். உண்மையில் அது முட்டையில்லை, கூட்டுப்புழு. கீழே நிலத்துத் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கலாம், எங்கள் ஊரில் மாரிக்கு முன்னமே கிணறு சொல்லிவிடும். இல்லாவிட்டால் வேறு ஏதாவது காரணம் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒன்றைப் பார்த்து ராத்தா சிரிக்கத் தொடங்கினாள். ஒரு எறும்பு இன்னொரு பெரிய எறும்பைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போனது. தூக்கப்பட்டது கைகால் மடக்கி, செத்தது போலச் சுருண்டு கிடந்தது. மரத்தடியில் இறக்கிவிட்டதும் எழும்பி நடந்தது.

"இது என்ன?"

"வழி தெரியாததையும் வராம நிக்கிறதையும் மத்தது தூக்கிக்கிட்டுப் போகும் ராத்தா."

"அப்ப எங்கட மனிசன் மாதிரி. கல்யாண வீட்டுக்கு வா எண்டா இப்பிடித்தான் தூக்கிட்டுப் போகணும்."

மச்சான் பின்னால் நின்றதை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

எறும்பு போன பிறகு மதிலடி வெறிச்சென்று ஆகிவிட்டது. இவர் கதிரையைப் போட்டுவிட்டுத் துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி உள்ளே போய்ச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். எங்கே என்று கேட்டேன். றோட்டால் சுற்றிப் போய் ராத்தா வீட்டு கேற்றைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்குச் சேர்ட் போட்டுக்கொண்டு போகிற மனிதர் இவர் ஒருவர்தான். நானும் பின்னால் போனேன். இதைத் தவற விட முடியாது.

"மச்சான்" என்றார் இவர். "எறும்புப் புத்து காலியாக் கிடக்கு. அதுக்குள்ள சீமெந்தக் கரைச்சு ஊத்தினா, இறுகின பிறகு தோண்டி எடுக்கலாம். உள்ளுக்கு எப்பிடி இரிக்கி எண்டு முழுசாத் தெரியும். மதில் ஏன் சாஞ்ச எண்டும் தெரியும்."

மச்சான் கொஞ்சம் யோசித்தார். அவர் மனதில் ஓடினது எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரித் தெரிந்தது. எறும்புதான் குற்றவாளி என்றால் சீமெந்து தப்பித்தது. இவருக்கும் அதே கணக்கு: எறும்புதான் என்றால் கலவை தப்பித்தது.

"ஓம், செய்வம்" என்றார் மச்சான். "சீமெந்து நான் தாறன். புது பக்கட்."

"கலவைய நான் பாக்கிறன்" என்றார் இவர்.

உள்ளே ஒரு எறும்பும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊற்ற விடுவேன் என்று ராத்தா துவாரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். வாயிலில் சீனி வைத்துப் பார்த்தோம். சின்னச் சிவப்பு எறும்புகள் கொஞ்சம் வந்தன. "இது வேற ஆக்கள், சும்மா வந்தவங்க" என்று மச்சான் அவசரமாகச் சொன்னார். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. ஈர்க்கை விட்டுக் கிண்டியும் பார்த்தாள். பிறகுதான் விலகினாள்.

தோசை மாவை விடத் தண்ணியாகச் சீமெந்தைக் கரைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த புனலை வைத்து, மச்சான் ஊற்ற இவர் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத் துவாரத்தைக் களிமண்ணால் அடைத்திருந்தோம். ஒரு வாளி போனது. இன்னொரு வாளி போனது. புற்று குடித்துக்கொண்டே இருந்தது. மச்சானின் முகம் வாளிக்கு வாளி மாறியது. "இது எங்க போய் முடியுது மச்சான்? சந்தைக்கா?" என்று கேட்டார். கடைசியில் துவாரத்தில் சாம்பல் நிறமாக மட்டம் ஏறி நின்றபோது, இருவரும் மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். சாய்ந்த மதிலில் சாயாதீங்க என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இறுக விட்டோம். மதிலுக்குப் பக்கத்தில் தோண்டினால் அது தலையில் விழும் என்பதால், சாய்ந்த பகுதியில் மேலேயிருந்து கல்லைக் கழற்ற வேண்டும் என்று இவர் சொன்னார். இருவரும் ஒவ்வொரு கல்லாகக் கழற்றி அடுக்கினார்கள். ஒவ்வொரு கல்லையும் மச்சான் தட்டிப் பார்த்தார். கணீரென்று சத்தம் வந்தது. ஒவ்வொரு இணைப்பையும் இவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், உதிரவில்லை. சீமெந்தும் நல்லது, கலவையும் நல்லது. இருவருக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மற்றவருக்கும் அதே கல் சாட்சி சொல்கிறதே என்பதில் ஒரு சின்ன வருத்தம் இருவர் முகத்திலும் இருந்தது.

பிறகு மண்வெட்டி, அதற்குப் பிறகு சின்னக் கரண்டி, கடைசியில் பெயின்ட் அடிக்கிற பிரஷ். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குப் போனதும் மண்ணின் நிறம் மாறியது. மேலே நாங்கள் கொட்டி நிரவின சிவப்புக் கிறவல் மண். அதற்குக் கீழே வெளுத்த சாம்பல் மணல், சிப்பித் துண்டுகள், கறுத்துப்போன ஒரு செருப்பு வார். அது எந்த மணல் என்று எல்லாருக்கும் தெரியும். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன மணல். நாங்கள் நால்வரும் அன்றைக்கு ஒரு மாடியில் ஏறித் தப்பினவர்கள். எங்கள் தெருவில் ஏறாதவர்கள் நிறையப் பேர்.

ராத்தா குனிந்து ஒரு பீங்கான் துண்டை எடுத்தாள். ஓரத்தில் நீலப் பூ. முந்தானையால் துடைத்தாள்.

"என்ட கல்யாணப் பீங்கான்" என்றாள். "பூவப் பாரு."

மச்சான் மண்வெட்டியை ஊன்றி நின்றார். இவர்தான் மெதுவாகச் சொன்னார்: "இந்த மணலுக்கு மேலதான் நம்ம அத்திவாரம் போட்டிரிக்கம். இன்னும் கொஞ்சம் ஆழம் வெட்டிரிக்கணும்."

"அண்டைக்கு ஆருக்கு வெட்ட மனம் இருந்திச்சு மச்சான்" என்றார் மச்சான்.

அதற்குப் பிறகு மதிலின் குற்றவாளியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இளகின மணலில் நின்ற அத்திவாரம். அதற்குக் கீழே எறும்பு மணி மணியாக வெறுமையாக்கியிருக்கிறது. மதில் உடையாமல் அப்படியே சாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ராத்தா பீங்கான் துண்டைக் கொண்டுபோய்க் கழுவிவிட்டு வந்தாள். நாங்கள் மறுபடியும் தோண்டினோம்.

சீமெந்து தெரியத் தொடங்கியதும் நால்வரும் முழங்காலில் இருந்தோம். நேர்குத்தாக இறங்கின ஒரு தண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் தட்டையான அறைகள், கையளவு ரொட்டிகளைக் கம்பியில் கோர்த்த மாதிரி. மேலே அறைகள் நெருக்கமாக இருந்தன. கீழே போகப் போக இடைவெளி கூடியது. ஒரு பாதை சரிந்து ராத்தா வளவுக்கும் இன்னொன்று எங்கள் வளவுக்கும் போனது. பாதைகள் இரண்டும் சந்திக்கிற இடம் வட்டமாகத் திருப்பி வளைக்கப்பட்டிருந்தது. இவர் அந்த வளைவை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். வீதியில் அப்படி ஒரு வளைவு எடுக்க என்ன பாடு என்று அவருக்குத்தானே தெரியும். சிவப்பு மண்ணையும் கடல் மணலையும் அதற்குக் கீழிருந்த பழைய கறுத்த மண்ணையும் எறும்பு ஒரே மாதிரித்தான் துளைத்திருந்தது.

"இவ்வளவு அறை என்னத்துக்கு?" ராத்தா கேட்டாள்.

"குஞ்சு வளக்கிறதுக்கு. வெயிலுக்குக் கீழறைக்குக் கொண்டுபோகும், காலையில சூட்டுக்கு மேலறைக்குக் கொண்டுவரும். சாப்பாடு வைக்கிறதுக்கும் அறை இரிக்கும்."

"ஆம்பிளைகள் எந்த அறையில?"

"வேலை செய்றது முழுக்கப் பொம்புளைகள் ராத்தா. எல்லாம் ஒரு உம்மாட புள்ளைகள், ராத்தா தங்கச்சிமார். ஆம்பிளை எறும்புக்கு இறக்கை இரிக்கும். கொஞ்ச நாள் வீட்டில இருந்து சாப்பிடும். மாப்பிள்ளையாப் பறந்து போகும். அதோட சரி."

"ஒரு வேலையும் செய்யாதா?"

"செய்யாது."

ராத்தா மெதுவாகத் தலையைத் திருப்பி, வாப்பா கட்டின இரண்டு வீடுகளையும் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்த இரண்டு மாப்பிள்ளைமாரையும் பார்த்தாள். இவர் பிரஷை எடுத்துப் பக்கத்திலிருந்த மண்ணைத் தேவைக்கு மேல் கவனமாகத் தட்டினார். மச்சான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார். வாளியில் தண்ணீர் இருந்தது.

தூக்குகிற நேரம்தான் பெரிய கரைச்சல். கீழே சாக்கைப் போட்டு, பக்கத்தில் பலகை வைத்து, நால்வரும் நான்கு பக்கம் பிடித்தோம். இவர் "மெல்ல, மெல்ல, இஞ்சால" என்றார். மச்சான் "இல்ல, அங்கால, அங்கால" என்றார். இவர் தூக்கு என்றால் அவர் பொறு என்பார். நடுவில் இருந்த ஒரு அறை மளுக்கென்று ஒடிந்து ராத்தாவின் கையில் வந்தது.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் ராத்தா. "ஒருத்தரும் கதைக்காம தூக்குவம்."

அப்படியே செய்தோம். ஒருவர் தாழ்த்தினால் பாரம் மற்றவர் கையில் கூடுகிறது, அவர் தாழ்த்துகிறார். ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர்கிறார். ஒரு சொல்லும் இல்லாமல் அது குழியிலிருந்து வெளியே வந்து சாக்கில் படுத்தது. அடித்தண்டில் கொஞ்சம் உள்ளேயே உடைந்து நின்றுவிட்டது. அதை ஒருவரும் தோண்டவில்லை.

கழுவி நிறுத்தியபோது அது மச்சானின் இடுப்பளவு இருந்தது. பிரிக்க முடியாததால் எங்கே வைப்பது என்று பெரிய ஆலோசனை நடந்தது. கடைசியில் மச்சானின் கடைக்குப் போனது. பெயின்ட் டின்களுக்குப் பக்கத்தில் கம்பி போட்டு நிறுத்தியிருக்கிறார். வருகிறவர்கள் கடல் முருகைக்கல்லா, மீன் தொட்டிக்கு வைக்கிறதா, என்ன விலை என்று கேட்கிறார்களாம். ஒலுவில் ஊரிலிருந்து வந்த ஒருவர் தன் புது வீட்டு விறாந்தைக்கு வேண்டுமென்று அடம் பிடித்தாராம். விற்பனைக்கில்லை என்று மச்சான் சொல்வார். பின்னேரத்தில் இவர் கடைக்குப் போய்க் கதிரையில் இருந்து, கேட்கிறவர்களுக்கு வளைவுகளைக் காட்டிக் காட்டி விளக்குகிறார். இப்போது சேர்ட் போட்டுக்கொண்டு போக ஒரு இடம் கிடைத்திருக்கிறது அவருக்கு.

மதிலின் நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு இடைவெளி அப்படியே கிடக்கிறது. கழற்றின கல் இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கிறது. இன்ஷா அல்லாஹ் மாரி முடியக் கட்டுவோம் என்று இருவரும் சொன்னார்கள். மாரி வந்தது. அந்த இடைவெளியால் எங்கள் முற்றத்துத் தண்ணீர் ராத்தாவின் முற்றத்துக்கு ஓடத் தொடங்கியது. இவர் குடையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்க, மச்சான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நிற்க, எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டுவது என்று புது வழக்கு ஆரம்பமானது. இந்த முறை என்னிடமோ ராத்தாவிடமோ சொல்லவில்லை. நேரே முகத்தைப் பார்த்துத்தான்.

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும் மச்சான்."

"அப்ப பள்ளத்த ஒங்கட பக்கம் வெட்டுங்க மச்சான்."

ராத்தா தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் வட்டிலப்பத் தட்டோடு இருவருக்கும் நடுவால் புகுந்து எங்கள் குசினிக்கு வந்தாள். கால் முழுக்கச் சேறு. நான் துணியை எடுத்துக் கொடுத்தேன். வெளியே மழைச் சத்தத்துக்கு மேலால் இரண்டு குரல்களும் கேட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்கும் ரெண்டு துண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"பொறு" என்றாள் ராத்தா, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு. "வாய்க்கால் வெட்டி முடியட்டும்."